கேரட் விதை எண்ணெயும் எஸ்.பி.எஃப். ஐம்பதும்

"இவங்க சரியா பூசியிருக்க மாட்டாங்க. கலா மேடம், நீங்களே சொல்லுங்க" என்றார் எங்கள் முதலாளி என்னிடம். எதிரே உட்கார்ந்திருந்த பெண்ணின் கன்னம் வெந்து கொப்பளித்திருந்தது.

அவள் பெயர் ரீட்டா. லிங்கராஜபுரத்துக்காரி. ஸ்கூட்டரில் பார்சல் கொண்டுபோய்க் கொடுக்கும் வேலை. முகத்திலும் கைகளிலும் வெண்புள்ளி. நிறமில்லாத அந்தத் தோல் வெயிலைத் தாங்காது; சன்ஸ்கிரீன் போடாமல் வெளியே போகக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். கெமிக்கலுக்குப் பயந்து எங்கள் பாட்டிலை வாங்கியிருக்கிறாள். லேபிளில் 'முழுக்கத் தாவரச் சாறு, எஸ்.பி.எஃப். 50' என்று இருந்தது. வெயிலை எவ்வளவு தடுக்கும் என்று காட்டும் எண் அது.

அந்தப் பாட்டிலை நான் அப்போதுதான் முதன்முதலாகப் பார்க்கிறேன்.

1. ஜிங்க்கை எடுத்த கதை

பெங்களூரில் அந்தச் சிறிய கம்பெனியில் க்ரீம், ஷாம்புகளுக்குக் கலவை வகுக்கும் பார்முலேஷன் கெமிஸ்ட் நான். நான் செய்த சன்ஸ்கிரீன் க்ரீமில் ஜிங்க் ஆக்சைடு இருந்தது. புற ஊதாக் கதிரைத் தடுப்பது அதுதான். கிரீன் டீ எக்ஸ்ட்ராக்டும் சேர்த்திருந்தேன். கதிரால் தோலுக்கு வரும் சேதத்தைக் கொஞ்சம் குறைக்க அது உதவலாம். ஆனால் அது உதவியாள்தான், காவலாள் இல்லை.

முதலாளி பூசிப் பார்த்து முகம் சுளித்தார். "வெள்ளையா திட்டுத் திட்டா நிக்குது. யார் வாங்குவாங்க? ஜிங்க்க எடுத்துடுங்க. கேரட் விதை எண்ணெயிலயே நாப்பது எஸ்.பி.எஃப். இருக்குன்னு நெட்ல போட்டிருக்கான்."

"போட்டவன் டெஸ்ட் பண்ணல சார்."

அவர் விடவில்லை. ஜிங்க் இல்லாத சாம்பிளை வெளி லேபுக்கு அனுப்பினோம். எஸ்.பி.எஃப். ஒற்றை இலக்கத்தில் வந்தது.

"ஸ்வல்ப, கொஞ்சமே கொஞ்சம், அட்ஜஸ்ட் பண்ணுங்க மேடம். நேச்சுரல்னா யாரும் நம்பர் கேக்க மாட்டாங்க."

"அப்புறம் எதுக்கு சார் நம்பர் போடணும்?"

லேபிளில் ஐம்பது என்று அடிக்கக் கையெழுத்துப் போட முடியாது என்று சொல்லிவிட்டேன். "சரி, லாஞ்ச் வேணாம், விடுங்க" என்றார். அதை நம்பி நான் ஷாம்பு வேலைக்குப் போனேன். அவரோ வேறொரு யூனிட்டில் அதையே நிரப்பி ஆன்லைனில் விற்றிருக்கிறார்.

2. அந்த அறையில்

"நேச்சுரல் ப்ராடக்ட் மெதுவாத்தாம்மா வேலை செய்யும்" என்றார் முதலாளி ரீட்டாவிடம்.

"வெயிலும் மெதுவா அடிக்குமா சார்?" என்றாள் அவள். "ஹெல்மெட் உரசினா உயிர் போவுது. கதவைத் திறக்கறவங்க என் மூஞ்சியப் பாத்துட்டு, பார்சல கீழ வெச்சுட்டுப் போன்னு சொல்றாங்க."

நான் அவள் பக்கம் திரும்பினேன்.

"நீங்க சரியாத்தாம்மா பூசியிருக்கீங்க. இதுல வெயிலைத் தடுக்கற சரக்கே இல்ல. டெஸ்ட்லயே தோத்துப்போச்சு. அது இவருக்கும் தெரியும்."

"மேடம்! யார்கிட்ட சம்பளம் வாங்கறீங்க?"

"கெமிஸ்ட் வேலைக்குத்தான் சார் வாங்கறேன். பொய் சாட்சிக்கு இல்ல."

ரீட்டா கத்தவில்லை. அவரைப் பார்த்து ஒன்றுதான் கேட்டாள். "தெரிஞ்சேவா வித்தீங்க?"

அவர் போனை எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அன்றே வேலையை விட்டேன். ரீட்டா நுகர்வோர் கோர்ட்டுக்குப் போனாள். நான் சாட்சி சொன்னேன். அந்த க்ரீமின் விற்பனையை நிறுத்த உத்தரவு வந்தது. கொஞ்ச நாளில் அதே சரக்கு, லேபிளிலிருந்து 50-ஐ மட்டும் எடுத்துவிட்டு, 'டே க்ரீம்' என்ற பெயரில் வந்துவிட்டது. சட்டப்படி தப்பில்லையாம். ரீட்டாவின் கன்னத்தில் தழும்பு தங்கிவிட்டது. இப்போது ஜிங்க் போட்ட க்ரீம்தான் பூசுகிறாள். "வெள்ளையாத் தெரிஞ்சா தெரியட்டும் மேடம், எரியல இல்ல" என்கிறாள்.

எனக்குச் செடிகள் மேல் கோபமில்லை. செடியின் பெயரைச் சொல்லி, செய்யாத வேலைக்கு எண் போடுகிறவர்கள் மேல்தான் கோபம். அது இன்னும் ஆறவில்லை. ஆற வேண்டாம் என்றுதான் நினைக்கிறேன். இந்த வேலைக்கு வரும் பிள்ளைகளே, "லாஞ்ச் வேணாம்" என்று முதலாளி வாயால் சொன்னால் நம்பிவிடாதீர்கள். விற்பனையில் என்ன இருக்கிறது என்று நீங்களே போய்ப் பாருங்கள். நாம் அச்சடிக்கும் எண்ணை நம்பித்தான் ஒருத்தி உச்சிவெயிலில் வண்டியைக் கிளப்புகிறாள்.