ரோலரில் போன சவுக்காரம்

ஜீவராணிக்குக் கோபம் வந்தால் கத்தமாட்டாள், வாயே திறக்கமாட்டாள். அந்த வியாழக்கிழமை விடிந்ததிலிருந்து அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. ரப்பர் தோட்டத்து லயத்தில், அவர்களுடைய ஒற்றைக் காம்பராவின் மூலையில் குந்தியிருந்த புருஷன் யோகராஜ் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

கோபம் வராதா பின்னே? சனிக்கிழமை கேகாலை டவுனில் கண்காட்சி. தோட்டத்துப் பெண்களுக்கென்று ஒரே ஒரு மேசை. அதை ஜீவராணிக்குக் கொடுத்தபோதே கண்காட்சியை நடத்துகிற உத்தியோகத்தர் சிவகௌரி சொல்லிவிட்டார். "உங்கட கண்டிஷனர் திறம். ஆனா சோப் பாக்க வடிவா இருக்கவேணும். எடுபடாட்டி அடுத்தமுறை மேசையை வேற ஆக்களுக்குத்தான் குடுப்பினம்." காலையில் ரப்பர் மரத்தில் பால் வெட்டிவிட்டு, பின்னேரம் செவ்வரத்தை இலையும் கற்றாழையும் அரைத்துத் தலைமுடிக்குக் கண்டிஷனர் செய்கிறவள். தேங்காயெண்ணெயில் அந்தச் சோப்பை, அவள் பேச்சில் சவுக்காரத்தை, காய்ச்சிக் காய்ச்சிக் கையெல்லாம் தழும்பு. அந்த மேசையை விட அவளுக்கு மனமில்லை.

முந்தின நாள் பழைய சவுக்காரத்தை உருக்கிப் பூ அச்சில் ஊற்றத் தயாராக வைத்துவிட்டுத் தண்ணீர் பிடிக்கப் பீலிக்குப் போயிருந்தாள். நம்ம யோகராஜ் சட்டியை எட்டிப் பார்த்தான். மழை நாள், இது எப்போது இறுகுவது? ரப்பர் ஸ்டோரில் தினமும் பாலுக்கு அசிட் ஊற்றி உறைய வைக்கிற கை அல்லவா! பொண்டாட்டிக்கு உதவுகிறேன் என்று சவுக்காரத்துக்கும் அதை ஊற்றி, தானே அச்சிலும் வார்த்துவிட்டான். விடிந்து பார்த்தால் அச்சு முழுக்கத் திரிதிரியாகப் பிரிந்த எண்ணெய்! அட மகராசா, ரப்பருக்கும் சவுக்காரத்துக்கும் வித்தியாசம் தெரிய வேண்டாமா?

மிச்சம் இருந்தது வீட்டுக்கென்று வைத்திருந்த நாற்பது வெறும் கட்டிகள். நன்றாகக் காய்ந்தவைதான், ஆனால் பார்க்கச் சகிக்காது. திரும்ப உருக்கினால் சனிக்கிழமைக்குள் இறுகாது. ஜீவராணி தலையில் கை வைத்து உட்கார்ந்தாள். கண் நிறைந்துவிட்டது. அப்போதுதான் வாசலில் கால் துடைக்கப் போட்டிருந்த ரப்பர் ஷீட் துண்டு கண்ணில் பட்டது. அதன் மேல் ஸ்டோர் ரோலர் பதித்த சாய்சதுர டைமன் கோடு, வரிசை வரிசையாக.

"ஏங்க," என்றாள். யோகராஜ் துள்ளி எழுந்தான். "ஸ்டோருக்குப் பின்னால கெடக்குற பழைய ரோலர் இன்னும் சுத்துதா?"

"சுத்தும் புள்ள! தோட்டத்துத் தொரைகிட்ட கேட்டுட்டு நானே சுத்துறேன்!"

கட்டிகளைத் துருவினாள். மஞ்சள் தூவி, வெந்நீர் தெளித்து, ரொட்டி மாவு மாதிரிப் பிசைந்தாள். மஞ்சள் பட்டதும் சவுக்காரம் காவி நிறத்துக்கு மாறியது. கொதிநீர் ஊற்றித் தேய்த்துக் கழுவிய ரோலரை யோகராஜ் மூச்சிரைக்கச் சுற்றினான். மறுபக்கம் சவுக்காரம் டைமன் கோடு விழுந்து, பளபளவென்று நீளப் பட்டையாக வந்தது பாருங்கள், ஜீவராணி வாய்விட்டே சிரித்துவிட்டாள். அதைக் கட்டி கட்டியாக வெட்டி அடுக்கினாள்.

சனிக்கிழமை ஒரு சிங்கள அம்மா முதலில் வந்து தடவிப் பார்த்தார். "ஹரி லஸ்ஸனய், ரொம்ப அழகு! இந்த அச்சு எங்கே வாங்கியது?" என்று சிங்களத்தில் கேட்டார்.

"வாங்கலீங்க, எங்க தோட்டத்து ரப்பர் ரோலர்," என்று ஜீவராணியும் சிங்களத்திலேயே நிமிர்ந்து சொன்னாள். அந்த அம்மா ஆறு கட்டி எடுத்தார், பக்கத்தில் நின்றவர்களையும் கூப்பிட்டார். மத்தியானத்துக்குள் மேசை துடைத்த மாதிரி காலி. கண்டிஷனர் போத்தல்கூட மிஞ்சவில்லை.

சிவகௌரி குறிப்புக் கொப்பியோடு வந்தார். "அடுத்த மாசமும் மேசை உங்களுக்குத்தான். போர்ட்டில என்ன பேர் எழுதுறது?"

"ஜீவராணி ரோலர் சவுக்காரம்னு எழுதுங்க மிஸ்."

"சுத்துனது நானு. என் பேரு?" என்று யோகராஜ் மெதுவாகக் கேட்டான்.

"ஒங்க பேர அந்த அசிட் போத்தல்ல எழுதி ஒட்டுறேன்," என்றாள் ஜீவராணி.