விமானியின் பெயரை மாற்றி எழுதினேன்

எங்கள் கடைக்கு மேலே மூன்றாம் மாடியில் குடியிருக்கும் பிரெஞ்சுக்கார மதாம் என்னிடம் கேட்டது ஒரே ஒரு கேள்விதான். தன் தகப்பன் சண்டை விமானம் ஓட்டியவரா, இல்லையா? மாத முடிவில் அவர் முதியோர் இல்லத்துக்குப் போகவிருந்தார். அங்கே அவருக்கு ஓர் அறை, அதில் படம் மாட்டக்கூடிய ஒரு சுவர். தகப்பனின் படத்தை எடுத்துப் போவதா, இங்கேயே விட்டுவிடுவதா என்று அதற்குள் அவருக்குத் தெரியவேண்டும்.

நான் வேலை செய்யும் கடை பிரெஞ்சுத் தலைநகரில், எங்கள் ஆட்கள் கூடும் லா சப்பலில், ரூ து ஃபொபூர் சேன்-தெனி தெருவின் மேல்முனையில் இருக்கிறது. போட்டோக் கொப்பி அடிப்போம், கடவுச்சீட்டுப் படம் எடுப்போம், படிவம் நிரப்பிக் கொடுப்போம். படிவம் என் பொறுப்பு. எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தை முழுதாக முடித்த முதல் ஆள் நான். அம்மாவும் அப்பாவும் எங்கள் நாட்டுப் போரில் ஊர் விட்டு ஊர் இடம்பெயர்ந்ததில் ஐந்தாம் வகுப்பைத் தாண்டவில்லை. பதினொரு வயதிலிருந்து வீட்டின் பிரெஞ்சுக் கடிதங்கள் எல்லாம் என் கையால் போனவை. பிறகு வரலாற்றில் பட்டமும் எடுத்தேன். நான் நிரப்பிய படிவம் ஒன்றுகூடப் பிழையென்று திரும்பி வந்ததில்லை. அதை நான் யாரிடமும் மறைத்ததும் இல்லை.

மதாம் படத்தைப் பெரிதாக்கத்தான் கடைக்கு வந்தார். தோல் சட்டை போட்ட ஓர் இளைஞர் விமானத்தின் இறக்கையில் கை வைத்தபடி நிற்கிறார். பின்பக்கம் பென்சிலால் இரண்டு சொற்கள். அவை அவர் பெயர். வேறொன்றும் இல்லை. மதாம் பிறக்கும் முன்பே அவர் இரண்டாம் உலகப் போருக்குப் போய்விட்டார்; திரும்பி வரவில்லை. மதாமின் தாயை அவர் கல்யாணம் கட்டியிருக்கவில்லை. மதாமுக்கு நான்கு வயதானபோது தாயும் இறந்துவிட்டார். வளர்த்தது தாய்மாமன்.

"உன் அப்பா வானத்தில் பறந்தவர் என்று அம்மா சொன்னது ஞாபகம் இருக்கிறது" என்றார் மதாம். "படையை விட்டு ஓடினவன் என்று மாமா சொன்னார். ஒரே ஒரு தடவைதான் சொன்னார். விமானத்துக்குப் பக்கத்தில் நின்று யாரும் படம் எடுக்கலாம், சட்டையை இரவல் வாங்கலாம் என்றார். நீங்கள் படித்த பெண். தேடிப் பாருங்கள். ஓடினவர் என்றால் அதையும் சொல்லுங்கள். நான் குழந்தை இல்லை."

நான் தேடினேன். நகரின் கிழக்கு ஓரத்தில் இராணுவ ஆவணங்களை வைத்திருக்கும் வாசிப்பறை ஒன்று உண்டு. இணையத்தில் முன்கூட்டியே கோப்பைக் கேட்டு வைத்துவிட்டுப் போகவேண்டும். கேட்டேன், போனேன், வந்தது. தடித்த கோப்பு. மதாம் சொன்ன அதே பெயர். காலாட்படைச் சிப்பாய். போர் தொடங்கிய சில மாதங்களில் முகாமை விட்டுத் தப்பியோடினார். பிடிபட்டார், மறுபடியும் ஓடினார். படம் எதுவும் இல்லை. விமானம் என்ற சொல் ஓரிடத்திலும் இல்லை.

ஒவ்வொரு பக்கத்தையும் கைபேசியில் படம் எடுத்துக்கொண்டு வந்தேன். மதாமிடம் சொல்லவில்லை. அடுத்த பத்து நாளும் அவர் மாடிப்படியில் இறங்கும் ஓசை கேட்டாலே கடையின் பின்னறைக்குப் போய்விடுவேன். கடைக்கார அண்ணை அதைக் கவனித்திருந்தார்.

"என்ன பிள்ளை, உன்ரை பைலட் இன்னும் தரையிறங்கேல்லையோ?"

"தேடுறன் அண்ணை."

"தேடுற ஆள் ஏன் பேப்பர்க் கட்டுக்குப் பின்னாலை ஒளிக்கிறாய்? மனிசி ரெண்டு தரம் வந்து கேட்டிட்டுது. உனக்குக் காய்ச்சல் எண்டு சொல்லிவிட்டன். இன்னொருக்கா வந்தால் என்ன வருத்தம் சொல்லுறது எண்டு நீயே எழுதித் தா."

இன்னொரு தடவை அந்தக் கோப்பைப் பார்ப்போம் என்று முடிவெடுத்தேன். என் கைபேசிப் படங்களில் தெளிவில்லாத பக்கங்களில் பிறந்த ஊரோ, தாயின் பெயரோ, ஏதாவது ஒன்று மதாமின் ஆளல்ல என்று காட்டாதா என்ற ஆசை. கடையிலிருந்தே இணையத்தில் கேட்டேன். அப்போது புறநகரான சார்செலில் இருந்து வந்த ஒருவர் வதிவிட அட்டையைப் புதுப்பிக்க என் முன்னால் உட்கார்ந்திருந்தார்.

"தங்கச்சி, என்ரை பேர் கார்ட்டிலை மாறிக் கிடக்கு, தெரியுந்தானே?"

"ஓம் அண்ணை. எல்லாருக்கும் அப்பிடித்தான்."

எங்கள் ஆட்களுக்குக் குடும்பப் பெயர் கிடையாது. அப்பாவின் பெயர் ஒன்று, தன் பெயர் ஒன்று. பிரெஞ்சு அலுவலகப் படிவங்களில் இரண்டு பெட்டி உண்டு: குடும்பப் பெயர், முதற்பெயர். வந்த புதிதில் யாரோ ஓர் அதிகாரி ஆளைக் கூப்பிடும் பெயரைக் குடும்பப் பெயர் என்று போட்டுவிட்டால், அது சாகும்வரை அப்படியே நிற்கும். அப்பாவின் பெயர் முதற்பெயர் ஆகிவிடும்.

"அப்ப முதற்பேர் சொல்லிக் கூப்பிடுற இடத்திலை என்ரை அப்பான்ரை பேரைச் சொல்லித்தான் கூப்பிடுவினம்."

"ஓம். நீங்கள்தான் எழும்பிப் போகவேணும்."

"செத்துப் பத்து வருசம். மனிசனுக்கு இப்பதான் விசா கிடைச்சிருக்கு" என்று சொல்லிவிட்டு அவரே சிரித்தார்.

அவருடைய படிவத்தை முடித்து, அதே கையோடு ஆவணக் கோரிக்கையையும் அனுப்பினேன்.

ஒரு செவ்வாய்க்கிழமை வாசிப்பறைக்குப் போனேன். மாத முடிவுக்கு ஆறு நாள். மேசையில் வைக்கப்பட்ட கோப்பு மெல்லியதாக, வேறு நிறத்தில் இருந்தது. எடுத்துக்கொண்டு அலுவலரிடம் போனேன்.

"மன்னிக்கவும், இது நான் கேட்ட கோப்பு இல்லை."

அவர் கோரிக்கைத் துண்டைத் திருப்பிக் காட்டினார். "நீங்கள் கேட்டதுதான், மத்மொசெல்."

குடும்பப் பெயர்ப் பெட்டியில் முதற்பெயர் இருந்தது. முதற்பெயர்ப் பெட்டியில் குடும்பப் பெயர் இருந்தது. நாள் முழுக்க எங்கள் ஆட்களுக்கு எழுதி எழுதிப் பழகிய கை, இந்தப் பிரெஞ்சுக்காரருக்கும் அப்படியே எழுதிவிட்டது. மன்னிப்புக் கேட்டுவிட்டுக் கோப்பைத் திருப்பிக் கொடுக்கத்தான் நினைத்தேன். ஆனால் துண்டில் எழுதியபடி ஓர் ஆள் இருந்திருக்கிறார், அவருக்கு ஒரு கோப்பும் இருக்கிறது என்பது அப்போதுதான் மண்டையில் ஏறியது. பிரெஞ்சில் முதற்பெயராகவும் குடும்பப் பெயராகவும் வழங்கும் சொற்கள் நிறைய. இவருடைய இரண்டு பெயரும் அப்படிப்பட்டவை. படையிலோ, பட்டியலிலும் படத்தின் பின்னாலும் குடும்பப் பெயரைத்தான் முதலில் எழுதுவார்கள். மதாம் எண்பது வருடமாக அந்தப் பென்சில் எழுத்தைச் சாதாரணமாகப் பேசும் வரிசையில் வாசித்திருக்கிறார்.

திரும்பிப் போய் உட்கார்ந்து கோப்பைத் திறந்தேன்.

முதல் பக்கத்தில் ஒட்டியிருந்த சிறு படத்தில் அதே முகம். சட்டை மட்டும் வேறு. சார்ஜண்ட், சண்டை விமானப் பிரிவு. கீழே பறப்புப் பதிவின் பிரதி: புறப்பட்ட நேரம், இறங்கிய நேரம், வரிசையாக. கடைசி வரியில் புறப்பட்ட நேரம் மட்டும் இருந்தது. வடக்கே ஒரு கிராமத்து வயலில் விமானம் விழுந்ததாகவும், ஊர்க்காரர்கள் அவரைத் தங்கள் ஊர்க் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்ததாகவும் ஓர் அறிக்கை. இன்னொரு தாளில், ஏதும் நேர்ந்தால் அறிவிக்கவேண்டியவர் என்ற இடத்தில் ஒரு பெண்ணின் பெயரும் முகவரியும்; அவருக்கு அறிவித்ததாக ஒரு குறிப்பும் இல்லை. மதாமின் தாயின் பெயர். எங்கள் தெரு. நான் ஒவ்வொரு நாளும் திறந்து உள்ளே போகும் கதவின் இலக்கம்.

அந்த இலக்கத்தை விரலால் தொட்டு மூன்று தடவை வாசித்தேன். பக்கத்து மேசைக்காரர் திரும்பிப் பார்த்தார். நான் சத்தமாகப் பெருமூச்சு விட்டிருக்க வேண்டும்.

மெட்ரோவில் வரும்போது வசனங்களைத் தயார் செய்தேன். ஆவணம் என்ன சொல்கிறது, எதை நிச்சயமாகச் சொல்லலாம், எதைச் சொல்லமுடியாது என்று பட்டப்படிப்பில் கற்ற ஒழுங்கில். மூன்று மாடியும் ஏறினேன். மதாம் கதவைத் திறந்து, என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"ஓம்" என்றேன்.

பிரெஞ்சில் சொல்ல வந்தது தமிழில் வந்துவிட்டது. கீழே முழுக்கத் தமிழ்க் கடைகளாக இருக்கும் தெருவில் முப்பது வருடம் மரக்கறி வாங்கியவருக்கு அந்தச் சொல் தெரிந்திருந்தது. சுவரைப் பிடித்துக்கொண்டு மெல்லக் கதிரையில் உட்கார்ந்தார்.

"பறந்தாரா?"

"பறந்தார், மதாம். கடைசி நாள் வரை."

கைபேசியில் படம் எடுத்து வந்த பறப்புப் பதிவை ஒவ்வொரு வரியாக என்னை வாசிக்கச் சொன்னார். வாசித்தேன். தாயின் பெயர் வந்தபோது கைபேசியை வாங்கித் தானே பார்த்தார். பிறகுதான், எப்படிக் கிடைத்தது என்று கேட்டார். பிழை விட்டேன் என்று சொல்ல எனக்குக் கொஞ்சம் கஷ்டமாக இருந்தது. ஆனாலும் சொன்னேன். காய்ச்சல் பொய் என்பதையும் சொன்னேன்.

"அது தெரியும்" என்றார். "காய்ச்சல்காரி பின்னறையில் சிரிக்கிற சத்தம் கேட்டது. அந்த மற்ற ஆளையும் காட்டுங்கள்."

தப்பியோடிய சிப்பாயின் கோப்புப் படங்களைத் தள்ளித் தள்ளிக் காட்டினேன். கடைசிப் பக்கத்தில் மதாம் என் கையைப் பிடித்து நிறுத்தினார். அது படைக்கு யாரோ எழுதிய பழைய கடிதம். எழுத்துச் சிக்கலாக இருந்ததால் நான் அதைப் படம் எடுத்ததோடு விட்டிருந்தேன்.

"இது மாமாவின் கையெழுத்து" என்றார்.

கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு வாசித்தார். இந்தப் பெயருடைய ஆள் உயிரோடு இருக்கிறாரா, இருந்தால் எங்கே, அவருக்கு ஒரு மகள் இருக்கிறாள், தாய் இறந்துவிட்டாள், அவளிடம் சொல்ல எனக்கு ஒரு பதில் வேண்டும் என்று எழுதியிருந்தது. மாமாவும் மதாமைப் போலவே பென்சில் எழுத்தைப் பேசும் வரிசையில் வாசித்திருக்கிறார்; படையும் அவர் எழுதிய வரிசையிலேயே பெயரைத் தேடி, ஓடிப்போன சிப்பாயைப் பற்றிப் பதில் அனுப்பியிருக்கிறது.

"அவர் எனக்குப் பொய் சொல்லவில்லை" என்றார் மதாம். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மறுபடி போட்டார். "எனக்காகப் போய்க் கேட்டிருக்கிறார். கிடைத்ததைத்தான் சொல்லியிருக்கிறார்."

பிறகு, தகப்பனின் படத்தோடு இந்தக் கடிதத்தையும் சட்டத்தில் போடமுடியுமா என்று கேட்டார். நான் கடைக்கு இறங்கிப் போனேன்.

அண்ணை என்னை ஏற இறங்கப் பார்த்தார். "காய்ச்சல் விட்டிட்டுதோ?"

"விட்டிட்டுது அண்ணை. மெசினைப் போடுங்கோ."

"எத்தினை கொப்பி?"

"ரெண்டு, படம் ஒண்டு, கடிதம் ஒண்டு. கடிதத்தைப் பெரிசாக்க வேணும், எழுத்து சின்னன்."