தட்டு ஏந்திய கை

ஜமைக்காவில் கடலைப் பார்த்து நிற்கும் எங்கள் விருந்தினர் மாளிகையில் ஈஸ்டன் வாலிபத்திலிருந்து பரிமாறுகிறான். எப்போதோ வந்து தங்கிய சினிமா நடிகையின் படம் கூடத்தில் தொங்குகிறது. அதன் ஓரத்தில் ரம் தட்டை நீட்டும் கை ஈஸ்டனுடையது. மிச்ச ஆளை வெட்டிவிட்டுத்தான் படத்துக்குச் சட்டம் போட்டிருக்கிறார்கள்.

"கைக்காவது கீழே பேர் எழுதச் சொல்லேன்யா," என்று சமையற்காரியான நான் சீண்டுவேன்.

"போடி, நின்னு நின்னு கால் வலிக்குது," என்பான்.

நேற்று ஒரு விருந்தாளி அந்தப் படத்தைப் போனில் பிடித்துக்கொண்டிருந்தான். ஈஸ்டன் பழச்சாற்றை நீட்டினான்.

"பெரியவரே, கையை எடுங்க. குறுக்கே வருது."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஈஸ்டன் கையை இழுத்துக்கொண்டான். படத்திலிருந்த கை மட்டும் நீட்டியபடியே இருந்தது.