ஓசூர் – கடத்தூர்: மல்லிகை சென்ட் போட்டுக்கொண்டு ஒரு கல்யாணப் பயணம்

இந்த வலைப்பூவில் வழக்கமாக நான் பாட்டில்களைப் பற்றித்தான் எழுதுவேன். எந்த சென்ட் வெயிலில் நிற்கும், எது பஸ் ஏறுவதற்குள் காணாமல் போகும், எந்த அத்தர் அசல், எது எண்ணெயில் கலந்த ஏமாற்று வேலை என்று. இந்த முறை ஒரு பயணத்தைப் பற்றி எழுதுகிறேன். கணவர் போன பிறகு முதல் தடவையாக ஒரு கல்யாணத்துக்குத் தனியாகக் கிளம்பும் பெண்களுக்காக எழுதுகிறேன். மற்றவர்களும் படிக்கலாம், பஸ் விவரம் எல்லோருக்கும் பயன்படும்.

போன வைகாசியில் என் கணவருடைய தம்பி மகள் கௌசல்யாவுக்குக் கடத்தூரில் கல்யாணம். அவள் காலேஜ் படித்த மூன்று வருஷமும் ஓசூரில் எங்கள் வீட்டில்தான் இருந்தாள். எங்களுக்குக் குழந்தை இல்லை. என்னைப் பெரியம்மா என்பாள், சண்டை போடும்போது மட்டும் அம்மா என்பாள். பரீட்சைக்குக் கிளம்பினால் என் அலமாரியைத் திறந்து சென்ட் எடுத்துத் தெளித்துக்கொள்ளாமல் படி இறங்க மாட்டாள். கல்யாணம் நிச்சயமானதும் போன் செய்து, நலங்கில் எனக்கு நீங்கள்தான் முதல் சந்தனம் வைக்க வேண்டும் என்றாள். நான் சரி என்று சொல்லிவிட்டேன்.

இரண்டு நாள் கழித்து மகேசு கூப்பிட்டாள். மகேசு என் கணவரின் தங்கை, கெட்டவள் இல்லை. என் கரு கலைந்தபோது பதினைந்து நாள் கூட இருந்து பார்த்துக்கொண்டவள்.

"அண்ணி, கட்டாயம் வந்துரணுங்க. ஆனா நலங்கு வைக்கறப்ப மட்டும் கொஞ்சம் பின்னாடி இருந்துக்கோங்க. மாப்பிள்ள வூட்டுக்காரங்க எல்லாம் இருப்பாங்க. கௌசி சின்னப் புள்ள, அதுக்கு என்ன தெரியும்."

அன்பாகத்தான் சொன்னாள். அதுதான் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. திட்டியிருந்தால் திருப்பித் திட்டிவிட்டு மறந்திருப்பேன். போனை வைத்ததும் இரண்டு விஷயம் முடிவு செய்தேன். ஒன்று, அந்தப் பெண்ணின் கையில் சந்தனம் வைக்காமல் திரும்பப் போவதில்லை. இரண்டு, மல்லிகை வாசனையோடுதான் மண்டபத்துக்குள் நுழையப் போகிறேன்.

ஏன் மல்லிகை என்று புதிதாக வந்தவர்கள் கேட்கலாம். என் கணவர் வெள்ளிக்கிழமை தவறாமல் குண்டுமல்லி வாங்கி வருவார். ஸ்கூட்டர் ஹேண்டிலில் பையை மாட்டிக்கொண்டு, நேராக வீட்டுக்கு வராமல், வழியில் பங்க்கில் நிறுத்திப் பெட்ரோல் போட்டுக்கொண்டுதான் வருவார். பூவில் பெட்ரோல் வாடை அடிக்கும். முதலில் பங்க், அப்புறம் பூக்கடை என்று மாற்றிப் போகத் தெரியாதா என்று வாரா வாரம் கேட்பேன், வாரா வாரம் சிரிப்பார். மாரடைப்பில் அவர் போன பத்தாம் நாள், கடத்தூரில் அவர் குடும்பத்து வீட்டில் என் தலை நிறையப் பூ வைத்து, பிறகு எடுத்தார்கள். அதன் பிறகு எங்கே மல்லிகை மணத்தாலும் எனக்கு அந்தப் பத்தாம் நாள்தான் வந்து நின்றது. வெள்ளிக்கிழமைகள் ஒன்றுகூட வரவில்லை. அதை மட்டும் என்னால் மன்னிக்க முடியவில்லை. அவர்களை அல்ல, அந்த வாசனையை அவர்கள் எடுத்துக்கொண்டு போனதை.

இரண்டு வருஷமாக நான் மல்லிகை பாட்டில்களாக வாங்கி முகர்ந்துகொண்டிருந்தது இதனால்தான். பெரும்பாலானவை சோப்பு வாசனை. சில, ஊதுபத்திக் கடை. ஒன்று மட்டும் ஓரளவு தேறியது. அடித்ததும் பச்சைக் காம்பு நறுக்கிய வாசனை வரும், அரை மணி கழித்து மொட்டு அவிழும், சாயங்காலத்தில் லேசாக அழுகல் தட்டும். நிஜப் பூவும் அப்படித்தான், அந்த அழுகல் இல்லாத மல்லிகை பொய். பெட்ரோல் மட்டும் எந்தப் பாட்டிலிலும் இல்லை. அந்த ஒன்றைத்தான் கல்யாணத்துக்கு எடுத்து வைத்தேன்.

இனி பயணம். ஓசூரிலிருந்து தருமபுரிக்குக் கிருஷ்ணகிரி வழியாகவும் போகலாம், ராயக்கோட்டை, பாலக்கோடு வழியாகவும் போகலாம். கிருஷ்ணகிரி வழி நெடுஞ்சாலை, வேகம், வாசனையே இல்லாத வழி. நான் சென்ட்டைப் போட்டுக்கொண்டு காலை ஒன்பது மணிக்குப் பாலக்கோடு பஸ் பிடித்தேன். எண்பத்தைந்து கிலோமீட்டர் இருக்கும், இரண்டரை மணி நேரம் ஆனது. ராயக்கோட்டையில் தக்காளிக் கூடைகளின் புளிப்பு ஜன்னல் வழியாக உள்ளே ஏறியது. பாலக்கோட்டைத் தாண்டியதும் வெல்லம் தீய்ந்த மாதிரி ஒரு கரும்பு வாடை. பக்கத்து சீட்டுப் பெண்மணி மூக்கை உறிஞ்சி என் பின்னந்தலையைப் பார்த்தார், பூ இல்லாததைக் கண்டு முன்னால் இருந்தவர் தலையைப் பார்த்தார், அங்கே மணமே இல்லாத கனகாம்பரம்தான். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

தருமபுரி பஸ் ஸ்டாண்டில் இறங்கினால் பூக்கடைகளைத் தாண்டாமல் எங்கும் போக முடியாது. சாமந்தி மூட்டை மூட்டையாக, சம்பங்கி கட்டுக் கட்டாக, நடுவில் ஈரத்துணிக்குள் குண்டுமல்லி. முழம் நாற்பது ரூபாய், கல்யாண சீசனுக்கு மலிவுதான். கட்டிக்கொண்டிருந்த பெண், "அக்கா, பூ வேணாமா?" என்றாள். சென்ட் போட்டிருக்கிறேன் என்று சொல்லிவிட்டு நடந்தேன். பெரிய கெட்டிக்காரத்தனம் செய்துவிட்ட நினைப்பு எனக்கு. தலையில் ஒன்றும் கிடையாது, ஆனால் வாசனை இருக்கிறது, எவர் வந்து எதை எடுக்க முடியும்?

தருமபுரியிலிருந்து கடத்தூர் இருபத்தைந்து கிலோமீட்டர் சொச்சம். டவுன் பஸ் கிடைத்தால் பெண்களுக்கு டிக்கெட் இலவசம், எனக்குக் கிடைத்தது. நின்று நின்று போகும், ஒரு மணி நேரத்துக்குமேல் பிடிக்கும். மரவள்ளிக் காடுகள், தென்னந்தோப்பு, நடுவில் ஒரு கிழங்கு மில்லின் புளித்த வாடை. அந்த வாடை வந்தால் பாதி வழி வந்துவிட்டோம் என்று என் கணவர் சொல்வார். வெயிலில் மனித வியர்வையும் டீசலும் கலந்த அந்த பஸ்ஸில் என் சென்ட் தாக்குப் பிடித்தது. ஐந்துக்கு நான்கு கொடுக்கலாம்.

மண்டபம் பஸ் ஸ்டாண்டிலிருந்து ஆட்டோவில் பத்து நிமிஷம், ஐம்பது ரூபாய். வாசலில் தாவணி போட்ட இரண்டு பெண்கள் பன்னீர் தெளித்துக்கொண்டிருந்தார்கள். எனக்கும் தெளித்தார்கள், சின்னப் பெண்கள், என்னைத் தெரியாது. பன்னீர் என்பது பேருக்குத்தான், குழாய்த் தண்ணீரில் ரோஸ் எசன்ஸ் இரண்டு சொட்டு. ஆனாலும் முகத்தில் பட்டபோது எனக்குத் தெம்பாக இருந்தது.

மகேசு ஓடி வந்து கையைப் பிடித்துக்கொண்டாள். பிடித்த கையோடு நின்றுவிட்டாள். மூக்கு விரிந்தது. மெதுவாக என்னைச் சுற்றிப் பின்பக்கம் போய்க் கொண்டையைப் பார்த்தாள்.

"பூ எங்கீங்க அண்ணி வச்சிருக்கீங்க?"

"பூ இல்ல மகேசு, சென்ட்டு."

அவள் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. "சென்ட்டுங்களா? அப்ப பரவால்லீங்க அண்ணி. கண்ணுக்குத் தெரியாதுல்ல" என்றாள். தோளைத் தட்டிவிட்டு, எனக்குக் காபி கொடுக்கச் சொல்லிவிட்டுப் போனாள்.

கடைசி வரிசைக்கு முந்தின நாற்காலியில் உட்கார்ந்து அந்தக் காபியைக் குடித்தேன். ஆறிப்போயிருந்தது. காலையிலிருந்து நான் செய்துகொண்டிருந்ததை மகேசு ஒரே வார்த்தையில் சொல்லிவிட்டாள். பரவாயில்லையாம். நான் எதிர்த்துக்கொண்டு வந்ததாக நினைத்தது, அவர்கள் அனுமதித்த அளவுக்குள்தான் இருந்திருக்கிறது. யார் கண்ணிலும் படாமல் ஒரு பெண் வாசனை வீசிக்கொண்டு பின்வரிசையில் உட்கார்ந்திருந்தால் யாருக்கு என்ன நஷ்டம்? இதற்குத்தானா இரண்டு வருஷம் பாட்டில் பாட்டிலாக முகர்ந்தேன் என்று எனக்கு என்மேலேயே கோபம் வந்தது. மேடையில் கௌசல்யாவை மணையில் உட்கார வைக்க ஜமக்காளம் விரித்துக்கொண்டிருந்தார்கள். டம்ளரை வைத்துவிட்டு வெளியே போனேன்.

மண்டபத்து வாசலில் ஓர் அம்மா கூடையோடு உட்கார்ந்திருந்தார். அதே குண்டுமல்லி, இங்கே முழம் எழுபது.

"ரெண்டு மொழம் குடுங்க."

அவர் என் வெறும் கொண்டையைப் பார்த்தார். "சாமிக்குங்களா?"

"தலைக்குங்க."

அவர் கூடையின் ஈரத்துணியை விலக்கினார். அப்புறம் அளந்து, அறுத்து, நீட்டினார். என்னிடம் ஊசி இல்லை. இரண்டு வருஷமாக என் பையில் கொண்டை ஊசிக்கு என்ன வேலை? அவரே தன் தலையிலிருந்து ஒன்றை எடுத்துக் கொடுத்தார். அதற்குக் காசு வாங்கிக்கொள்ளவில்லை.

உள்ளே நுழைந்தபோது யாரும் என்னைச் சுற்றி வந்து பார்க்க வேண்டியிருக்கவில்லை. பேச்சு வரிசை வரிசையாக நின்றது. மாப்பிள்ளை வீட்டில் இரண்டு பெண்கள் எழுந்து அந்தப் பக்கம் போய் உட்கார்ந்தார்கள். போகட்டும். நான் மேடையைப் பார்த்து நடந்தேன். மகேசு மேடைப் படியில் என்னை மறித்தாள். கண்ணில் தண்ணீர்.

"அண்ணி, என்னாங்க இது?"

"நீ மோந்து பாத்தியே, அதே வாசனதான் மகேசு. எங்கிருந்து வருதுன்னு இப்ப எல்லாருக்கும் தெரியுது, அவ்வளவுதான். தள்ளிக்க."

தள்ளிக்கொண்டாள் என்று சொல்ல முடியாது. நான் அவளைச் சுற்றிக்கொண்டு மேலே ஏறினேன், அவள் பிடித்து நிறுத்தவில்லை. கௌசல்யாவின் அம்மா சந்தனக் கிண்ணத்தோடு நின்றிருந்தாள். கிண்ணத்தை என் பக்கம் நீட்டவும் இல்லை, பின்னால் இழுக்கவும் இல்லை. நானே விரலை விட்டு எடுத்தேன். கௌசல்யா இரண்டு கையையும் முழங்கை வரை நீட்டிக்கொண்டு, வேறு யாருக்கும் கை கொடுக்காமல் உட்கார்ந்திருந்தாள். சந்தனம் வைத்தேன். குனிந்தபோது என் தலைப் பூ அவள் முகத்துக்கு நேராக வந்திருக்க வேண்டும்.

"பெரியம்மா, நம்ம வூட்டு வாசன" என்றாள். பிறகு, "கன்னத்துலயும் வைங்க" என்றாள். வைத்தேன்.

அன்று இரவு மகேசு என்னோடு பேசவில்லை. மறுநாள் காலையில் முகூர்த்தத்துக்கு முன்னால் நானே போய் மறுபடியும் பூ வாங்கினேன். கூடைக்கார அம்மா இந்தத் தடவை சாமிக்கா என்று கேட்கவில்லை. பந்தியில் மகேசு பரிமாறினாள், முகத்தைப் பார்க்காமல் என் இலையில் மட்டும் இரண்டு கரண்டி பொங்கல் வைத்துவிட்டுப் போனாள். அதற்கு என்ன அர்த்தம் என்று நான் ஆராயவில்லை, சாப்பிட்டேன்.

ஒன்பது மணிக்குக் கிளம்பினேன். பஸ் ஸ்டாண்டுக்குப் போகும் வழியில் ஆட்டோக்காரர், "ஒரு நிமிசங்க, எண்ண போட்டுக்கறேன்" என்று பங்க்குக்குள் திருப்பினார். மூடியைத் திறந்தார். பெட்ரோல் வாடை எழுந்து என் தலையிலிருந்த மல்லியோடு கலந்தது.

எந்தப் பாட்டிலிலும் இல்லாதது அங்கே இருந்தது. வெள்ளிக்கிழமை சாயங்காலம், ஸ்கூட்டர் சத்தம், ஹேண்டிலில் ஆடும் பை, அந்தச் சிரிப்பு, எல்லாமே வந்தது. பத்தாம் நாள் வரவேயில்லை. நான் ஆட்டோவுக்குள் உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன்.

"பெட்ரோல் வாசன ஒத்துக்கலீங்களா?" என்று ஆட்டோக்காரர் பயந்துபோய்க் கேட்டார்.

"நல்லா ஒத்துக்குதுங்க. இன்னும் கொஞ்ச நேரம் நில்லுங்க" என்றேன். பின்னால் ஒரு டிராக்டர் ஹாரன் அடிக்கும் வரை நின்றார்.

நீங்களும் இப்படி ஒரு பயணம் போவதாக இருந்தால் சில விஷயங்கள். வெயில் காலத்தில் ராயக்கோட்டை வழியில் ஜன்னல் சீட்டு பிடியுங்கள், இடதுபக்கமா வலதுபக்கமா என்பது வெயிலைப் பொறுத்தது. தருமபுரியிலேயே சாப்பிட்டுவிடுங்கள், மண்டபத்தில் மதியம் போய் இறங்கினால் காபிதான் கிடைக்கும். சென்ட்டைப் பட்டுப்புடவைமேல் அடிக்காதீர்கள், கறை விழும், ஜாக்கெட் கையின் உள்பக்கம் போதும். கடத்தூரில் தங்க வேண்டுமென்றால் மண்டபம் அல்லது சொந்தக்காரர் வீடு, வேறு வழி பார்க்க வேண்டாம்.

போன வாரம் மகேசு கூப்பிட்டாள். நல்லம்பள்ளியில் அவள் பேரனுக்குக் காதுகுத்து. கட்டாயம் வந்துரணுங்க அண்ணி என்றாள். அடுத்து 'ஆனா' என்று தொடங்குவாள் என்று காத்திருந்தேன். அவள் அதற்குமேல் ஒன்றும் சொல்லாமல் போனை வைத்தாள்.

நல்லம்பள்ளிக்கும் தருமபுரியில்தான் பஸ் மாற வேண்டும். ஆகவே கடைசியாக ஒன்று. பூவை மண்டபத்து வாசலில் வாங்காதீர்கள், முழத்துக்கு முப்பது ரூபாய் அதிகம். தருமபுரி பஸ் ஸ்டாண்டிலேயே வாங்கி, அங்கேயே தலையில் வைத்துக்கொண்டு பஸ் ஏறுங்கள். கொண்டை ஊசியை வீட்டிலிருந்தே எடுத்துக்கொண்டு போங்கள்.