குடைக்குப் பூஜ்யம்

தாராவியில் தோல்பை தைத்த வானமாமலைக்குப் பக்கவாதத்தில் பேச்சு போனது. ஆஸ்பத்திரியில் தலைமேல் காந்தச் சுருளை வைத்து மூளையைத் தூண்டி, படம் காட்டிப் பேசப் பழக்கினார்கள். இந்தி தெரியாதென்றால் சேர்க்கமாட்டார்களோ என்று பயந்து, படிவத்தில் அவர் மொழி இந்தி என்று எழுதவைத்திருந்தாள் மனைவி சண்முகவடிவு.

சிகிச்சை தொடருமா என்று முடிவாகும் பத்தாம் நாளில்தான் அவளை உள்ளே விட்டார்கள். குடையின் படம் வந்தது.

"கு... குடை."

"ஏய்யா, சொல்லிட்டியளே!"

பயிற்சி தரும் பெண் பூஜ்யம் போட்டாள். முந்தைய தாள்களிலும் பூஜ்யங்கள். எத்தனை சொற்கள் அப்படிப் போயினவோ!

"மேடம், தமிழ்ல சரியாத்தான் சொல்லுதாவ!"

அந்தப் பெண் படிவத்தில் 'மொழி: இந்தி' என்றிருந்த இடத்தைக் காட்டினாள். தமிழனுக்கு நோய் வந்தாலும் இந்தியில்தான் குணமாக வேண்டும் போலும். 'முன்னேற்றமில்லை, நிறுத்தவும்' என்று எழுதி அடுத்தவரை அழைத்தாள்.

வானமாமலை எழவில்லை. படத்தைத் தொட்டுத் தொட்டு, "குடை, குடை" என்றார்.