மூன்று முறை அலசிய குப்பி

செப்டம்பர் 19, காலை 6.40. எங்கள் எம்.இ. சுற்றுச்சூழல் பொறியியல் வகுப்பின் வாட்ஸ்அப் குழுவில் பதினெட்டுப் பேர். அந்த நிமிடத்தில் பதினேழானோம். செலின் அக்கா முந்தின இரவு மூளையில் ரத்தம் கசிந்து இறந்துவிட்டார் என்று அவருடைய கணவர் செய்தி போட்டிருந்தார். அக்காவின் கைப்பேசியிலிருந்தே போட்டிருந்தார். அவர் பெயரிலேயே அவர் இறந்த செய்தி. யாரோ விளையாடுகிறார்கள் என்ற எரிச்சலில் அந்த எண்ணுக்கே போன் செய்தேன். கணவர் எடுத்தார். "உண்மைதான் தம்பி. மத்தியானம் மூணு மணிக்கு எடுக்குறோம், வந்துருங்க" என்றார். குழுவில் இன்னும் பதினெட்டு என்றுதான் காட்டுகிறது. யாரும் அந்த எண்ணை நீக்கவில்லை. நீக்க வேண்டாம்.

ஆவூர்க் கல்லறைத் தோட்டத்தில் நம் வகுப்பிலிருந்து ஒன்பது பேர் நின்றோம். அங்கே பேசிய ஒருவர், அக்கா சிறுவயதிலிருந்தே பெரிய அறிவாளி என்றார். அஞ்சலி என்பதற்காக அதை நான் ஒப்புக்கொள்ள முடியாது. படிப்பில் அவர் சராசரி. கணினியில் அதற்கும் கீழே. நிலத்தடி நீரோட்டத்தைக் கணக்கிடும் மென்பொருள் அவருக்குக் கடைசிவரை பிடிபடவில்லை. அந்த வேலை முழுவதையும் நான்தான் செய்தேன், முணுமுணுத்துக்கொண்டே செய்தேன். எங்களைவிடப் பதினைந்து வயது மூத்தவர். பாலிடெக்னிக் ஆசிரியர் வேலையில் விடுப்புப் போட்டுவிட்டு, பள்ளிக்கூடம் போகும் இரண்டு பிள்ளைகளையும் வைத்துக்கொண்டு படிக்க வந்தவர். முதல் நாள் அவர் வகுப்புக்குள் நுழைந்ததும் பேராசிரியர் என்று நினைத்து எல்லோரும் எழுந்து நின்றோம். "உக்காருங்கப்பா. நானும் ஒங்ககூட ஃபெயிலாகத்தான் வந்திருக்கேன்" என்றபடி கடைசி பெஞ்சில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். அப்படித்தான் பழக்கம்.

நம் ஆய்வகத்தில் ஒரு எழுதாத சட்டம் இருந்தது, நினைவிருக்கிறதா? செவ்வாய்க்கிழமை பி.ஓ.டி. வைக்கக் கூடாது. கழிவுநீரைக் குப்பியில் அடைத்து ஐந்து நாள் குளிர்பெட்டியில் வைத்து, கிருமிகள் எவ்வளவு ஆக்சிஜனைத் தின்றிருக்கின்றன என்று பார்க்கும் சோதனை அது. செவ்வாயில் வைத்தால் ஐந்தாம் நாள் ஞாயிறு. ஆகவே செவ்வாயில் வந்த கழிவுநீர் புதன்வரை மூலையில் கிடக்கும், அதற்குள் பாதி கெட்டுப்போகும், நாம் அதையே சோதித்து எண் எழுதுவோம். அக்கா வந்த அன்றே வைப்பார். ஞாயிறு காலை ஆவூரில் திருப்பலி முடிந்ததும் பஸ் ஏறி வருவார். ஒருமுறை கோயில் திருவிழா அன்று, பட்டுச்சேலையோடு வந்து நின்று, சொட்டுச் சொட்டாக மருந்து விட்டு அளக்கும் டைட்ரேஷனைச் செய்தார். அயோடின் தெறித்து முந்தானையில் பழுப்புக் கறை. பார்த்த எனக்கே கோபம் வந்தது. திங்கட்கிழமை செய்தால் என்ன குடிமுழுகிப் போகும் என்று கேட்டேன். கறையைத் தண்ணீர் தொட்டுத் தேய்த்துக்கொண்டே, "சாக்கடை ஞாயித்துக்கிழமை லீவு போட்டா நானும் போட்டுக்கிறேன்" என்றார். அவ்வளவுதான். எனக்கு அறிவுரை எதுவும் சொல்லவில்லை. நான் அதற்குப் பிறகும் செவ்வாய்க்கிழமை வைக்கவில்லை.

இரண்டாம் வருட ஆய்வை நானும் அவரும் சேர்ந்து செய்தோம். கறம்பக்குடிப் பக்கம் ஒரு குடியிருப்பு, பெயர் எழுதவில்லை. அங்கே பிள்ளைகளுக்கு அடிக்கடி வயிற்றுப்போக்கு. குடிநீர்க் குழாய் சாக்கடைக்குள்ளேயே ஓடுகிறது, மாற்றிக் கொடுங்கள் என்று அங்குள்ள பெண்கள் ஊராட்சியில் கேட்டுக்கொண்டிருந்தார்கள். மேல்நிலைத் தொட்டியிலும் தெருக் குழாய்களிலும் தண்ணீர் எடுத்துக் கிருமி இருக்கிறதா என்று பார்ப்பது எங்கள் வேலை. நான் தெர்மாகோல் பெட்டியில் ஐஸ் நிரப்பித் தூக்குவேன், அக்கா குப்பியில் பிடிப்பார். இரண்டு பஸ் மாறி மூன்று மணி நேரத்தில் ஆய்வகம். எல்லாக் குப்பியிலும் பூஜ்யம். ஒரு கிருமிகூட இல்லை. எங்கள் ஆய்வு வழிகாட்டிக்கு மகிழ்ச்சி. ஊராட்சித் தலைவர் கேட்டார் என்று முடிவை அவருக்கு அனுப்பியும் விட்டார். தண்ணீர் சுத்தம், குழாய் மாற்ற அவசியமில்லை என்று தலைவர் அந்தத் தாளை அலுவலகச் சுவரில் ஒட்டினார்.

ஆய்வேட்டை ஒப்படைக்கப் பத்து நாள் இருந்தது. செய்முறை அத்தியாயத்தை அக்கா எழுதினார். அவர் மெதுவாக எழுதுபவர். செய்ததை மனதுக்குள் ஒருமுறை செய்து பார்த்துவிட்டுத்தான் வாக்கியம் போடுவார். 'குப்பிகள் அதே நீரால் மூன்று முறை அலசப்பட்டு' என்று எழுதியவர் பேனாவை வைத்துவிட்டார். "தம்பி, நான் அலசிட்டேன்டா" என்றார்.

படிக்காதவர்களுக்கு இந்தத் தவறு வராது. நமக்குத்தான் வரும். தண்ணீரில் உப்பு, சுண்ணாம்பு பார்க்க எடுக்கும்போது குப்பியை அதே தண்ணீரில் மூன்று முறை அலச வேண்டும். இளநிலையிலிருந்து கையில் ஊறிய பழக்கம். கிருமி பார்க்க எடுக்கும் குப்பியை மட்டும் அலசவே கூடாது. அதன் அடியில் ஒரு மருந்து போட்டிருப்பார்கள். தண்ணீரிலுள்ள குளோரினை அந்தக் கணமே அது முறித்துவிடும். அலசினால் மருந்து போய்விடும். மூன்று மணி நேரப் பயணத்தில் குளோரின் நிதானமாகக் கிருமிகளைக் கொன்று முடிக்கும். ஆய்வகத்துக்குச் சுத்தமான தண்ணீர் வந்து சேரும். அந்தத் தெருவில் யாரும் குழாயில் பிடித்த தண்ணீரை மூன்று மணி நேரம் பஸ்ஸில் வைத்திருந்து குடிப்பதில்லை.

அந்த வரியை எடுத்துவிடலாம் என்று நான் சொன்னேன். எனக்குச் சென்னையில் ஒரு நிறுவனத்தில் வேலை உறுதியாகியிருந்தது. குறித்த தேதிக்குள் பட்டம் முடிந்தாக வேண்டும். அக்காவுக்கும் விடுப்பு முடிகிறது. மறுபடி ஆய்வு என்றால் இருவருக்கும் இன்னொரு பருவம். செய்முறை அத்தியாயத்தை எந்தத் தேர்வாளரும் படிப்பதில்லை என்று நான் வாதாடினேன். அது உண்மையும்கூட.

"படிக்க மாட்டாங்கதான்" என்றார் அக்கா. "குடிக்கிறாங்கல்ல."

மறுநாள் வழிகாட்டியிடம் போனார். அவரால் முழு வாக்கியங்களாகச் சுற்றி வளைத்துப் பேச முடியும், ஆசிரியர் அல்லவா. அன்று அப்படிப் பேசவில்லை. "நான்தான் அலசினேன் சார். இவன் பெட்டியத் தூக்குனதோட சரி" என்று முடித்துக்கொண்டார். வழிகாட்டி அரை மணி நேரம் கத்தினார். அக்கா குறுக்கே பேசாமல் நின்றார். அவர் ஓய்ந்த பிறகு, புதுக் குப்பிகள் எப்போது கிடைக்கும் என்று கேட்டார்.

அடுத்து ஊராட்சி அலுவலகம். சுவரில் ஒட்டிய தாளைத் திருப்பிக் கேட்கப் போனோம். தலைவருக்குச் சிரிப்பு. "என்னங்க டீச்சர், கெட்ட ரிசல்ட்டத் திருத்தச் சொல்லிக் கேட்டிருக்கேன். நல்ல ரிசல்ட்டத் திருப்பி வாங்க வந்தவுக நீங்கதான்" என்றார். தர முடியாது, திருத்தம் தபாலில் வரட்டும் பார்க்கலாம் என்றார். அக்கா வாதாடவில்லை. கைப்பையிலிருந்து ஒரு வெள்ளைத் தாளை எடுத்து, இந்தச் சோதனை தவறாகச் செய்யப்பட்டது, இதை நம்பி எந்த முடிவும் எடுக்க வேண்டாம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு, முதல் தாளுக்குப் பக்கத்தில் ஒட்டினார். தலைவர் எழுந்து வருவதற்குள் நாங்கள் வெளியே வந்துவிட்டோம்.

அங்கிருந்து நேராகப் போனது கடைசித் தெருவுக்கு. தண்ணீர் நல்ல தண்ணீர் என்று கேட்டு வாயடைத்துப் போயிருந்த பெண்கள் குழாயடியில் நின்றார்கள். அவர்களிடமும் அக்கா அதையே சொன்னார். இடுப்பில் குடத்தோடு நின்ற ஒரு அம்மா எங்களை மேலும் கீழும் பார்த்தார். "ஏம்மா, ரெண்டு பேரும் எம்புட்டுப் படிச்சிருக்கீக? ஒரு பாட்டில அலசணுமா வேணாமான்னு தெரியாமயா இங்கிட்டு வந்தீக?" என்றார். நான் தலையைத் திருப்பிக்கொண்டேன். "தெரியும்மா. தெரிஞ்சேதான் மறந்துட்டேன். இந்தத் தடவை நீங்களும் பக்கத்துல நின்னு பாருங்க, அலசுனா கையத் தட்டி விடுங்க" என்றார் அக்கா. அந்த அம்மா குடத்தை இறக்கி வைத்துவிட்டு உண்மையிலேயே பக்கத்தில் வந்து நின்றார். அடுத்தடுத்த வாரங்களில் ஒவ்வொரு முறையும் நின்றார்.

தொட்டியில் கிருமி இல்லை. தெருவின் கடைசிக் குழாய்களில் மலக்கிருமி இருந்தது. குழாய் சாக்கடையில் கிடக்கும் இடத்துக்கு அப்பால்தான் எல்லாம். எங்கள் ஆய்வேடு ஒரு பருவம் தள்ளிப்போனது. சென்னை வேலை போனது. அக்காவுக்குப் பதவி உயர்வு அந்த வருடம் கிடைக்கவில்லை. நான் ஒரு மாதம் அவரோடு சரியாகப் பேசவில்லை. அவர் அதைக் கண்டுகொள்ளாமல் எனக்கும் சேர்த்து எலுமிச்சை சாதம் கட்டிக்கொண்டு வந்தார். நானும் கண்டுகொள்ளாமல் சாப்பிட்டேன். அடுத்த வருடம் அந்தத் தெருவின் பெரும்பகுதிக்குக் குழாயை மாற்றினார்கள். கடைசி ஆறு வீடுகளுக்கு மட்டும் இன்னும் பழைய குழாய்தான்.

அந்த ஆறு வீடுகளுக்காக அக்கா ஒவ்வொரு மழைக்காலமும் விடுப்பு எடுத்துக் கறம்பக்குடி போய்வந்தார் என்பது உங்களில் பலருக்குத் தெரியாது. நான் இப்போது திருச்சியில் ஒரு நீர்ப் பரிசோதனை நிலையத்தில் இருக்கிறேன். பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்து என் மேசையில் இறக்குவார். நிலையம் மூடும் நேரத்துக்கு வந்தால் எப்படி என்று நான் சலித்துக்கொள்வேன். ஒவ்வொரு முடிவோடும் ஊராட்சிக்கு ஒரு மனு. போன வருட மனு வட்டார அலுவலகம்வரை போயிருக்கிறது. இந்த வருடத் தண்ணீர் இன்னும் எடுக்கப்படவில்லை.

அக்காவிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது படிப்பு அல்ல, பொறுமையும் அல்ல; அது எனக்கு வராது. என் நிலையத்தில் இதுவரை நான்கு முடிவுகளை, கொடுத்த பிறகு திருப்பி வாங்கியிருக்கிறேன். மூன்றில் தவறு என்னுடையது. போன் செய்து, "நான்தான் தப்பாப் பண்ணிட்டேன்" என்று மட்டும் சொல்கிறேன். காரணம் சொல்வதில்லை. எதிரில் இருப்பவர் கத்தி முடிக்கும்வரை இருக்கிறேன். பிறகு புதுக் குப்பி அனுப்புகிறேன். இதனால் வேலை போகும் என்று நினைத்தேன். போகவில்லை. போயிருந்தாலும் அக்காவுக்கு நன்றிதான் சொல்லியிருப்பேன், கொஞ்சம் திட்டிவிட்டு.

இனி செய்யப்போவது:

1. ஐப்பசி மழை பிடித்த முதல் வாரத்தில் அந்த ஆறு வீட்டுக் குழாய்களிலும் தண்ணீர் எடுப்பது. செவ்வாய்க்கிழமையானாலும் சரி.

2. முடிவு எதுவானாலும் முதலில் அந்தத் தெருவில் வாசித்துக் காட்டுவது. அதற்குப் பிறகுதான் ஊராட்சி.

3. வட்டார அலுவலகத்தில் கிடக்கும் மனுவை என் பெயருக்கு மாற்றிக்கொண்டு பின்தொடர்வது. குழாய் மாறும்வரை.

4. தண்ணீர் பிடிக்கும் வேலைக்கு நான் மாறிக்கொள்கிறேன். பெட்டி தூக்க ஆள் இல்லை. பதினேழு பேரில் யார் வருகிறீர்கள் என்று சனிக்கிழமைக்குள் குழுவில் சொல்லுங்கள்.