நான் பேசிய நேரத்தில் மூடப்பட்ட கூரைகள்

யூதர் ஒருவரையும் நான் நேரில் கண்டதில்லை. ஆயினும் அவர்களது அறநெறி குறித்துக் கடலூர் மாவட்டத்திலேயே அதிகம் பேசியவன் நான்தான் என்று துணிந்து சொல்வேன். அந்தத் துறையில் எனக்குப் போட்டியாளர் எவருமில்லை.

சிதம்பரத்தில் படித்தபோது, கல்லூரிகளுக்கிடையேயான பேச்சுப் போட்டி ஒன்றில் ‘சமயங்களும் தொண்டும்’ என்று தலைப்பு வைத்துச் சீட்டுக் குலுக்கினார்கள். அவையோர் கைதட்டிப் பழகிய சமயங்கள் பிறருக்கு வாய்த்தன; எனக்கு யூத சமயம் விழுந்தது. சபித்துக்கொண்டே நூலகத்துக்குப் போனவன் சொக்கிப்போய்த் திரும்பினேன். ஏழைக்குக் கொடுப்பது அவர்கள் கணக்கில் கருணையன்று, நீதி. வாங்குகிறவன் பலர் முன்னே கூனிக் குறுகும்படி கொடுப்பதைவிடக் கொடாமலிருப்பதே மேல். பழைய எருசலேம் ஆலயத்தில் ஒதுக்கமான அறை ஒன்று இருந்ததாம். உள்ளவன் நுழைந்து வைத்துவிட்டு வருவான். இல்லாதவன் நுழைந்து எடுத்துக்கொண்டு வருவான். யாருடையதை யார் எடுத்தார் என்பது இருவருக்குமே தெரியாது.

அந்த அறையை வருணித்து முதற்பரிசு பெற்றேன். அதன் பிறகு, நண்பர்களின் திருமண வரவேற்பில்கூட அந்த அறையைத் திறந்து காட்டாமல் நான் மேடையைவிட்டு இறங்கியதில்லை.

2011 முடியும் தறுவாயில் ‘தானே’ புயல் எங்கள் தெருவின் கூரைகளைப் பெயர்த்தெடுத்தது. மின்சாரமும் போயிற்று. என்னோடு படித்த பரங்கிப்பேட்டை நண்பன், சிங்கப்பூரிலிருந்த தன் உறவினர்கள் உதவியோடு ஒரு வேன் நிறையத் தார்ப்பாய் கொண்டுவந்தான்.

“குடுத்துட்டுப் போயிடலாம் மச்சான்” என்றான்.

விழா இல்லாமல் நிவாரணமா? நான் சம்மதிக்கவில்லை. கடலூரில் அச்சடிக்க மின்சாரம் இல்லாததால் விழுப்புரம் வரை போய், ஒலிபெருக்கியின் முன் நான் முழங்கும் படத்தோடு ஒரு ஃப்ளெக்ஸ் அடித்து வந்தேன். வாடகைக்கு ஜெனரேட்டர் பிடித்தேன். பிறகு, முதல் தார்ப்பாயை வாங்க ஆள் தேடி எதிர்வீட்டுக்குப் போனேன்.

எதிர்வீட்டு அக்கா ரவிக்கை தைத்துப் பிழைப்பவர். கணவர் பக்கவாதத்தில் படுத்த படுக்கை. கட்டிலுக்கு மேலே இருந்த ஆஸ்பெஸ்டாஸ் தகடுகள் பறந்துபோய், வானம்தான் தெரிந்தது. அந்த வானமும் கறுத்துக்கொண்டு வந்தது.

“அக்கா, சாயங்காலம் விழா. மொத தார்ப்பாய் ஒங்களுக்குத்தான். மேடையில பேர் சொல்லிக் கூப்புடுவேன்.”

ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தவர் நிமிரவில்லை. “கூப்புடாத தம்பி. வரமாட்டேன்.”

“மழ வந்தா மாமா நனைவாரே?”

“நனைவாருதான். இந்தத் தெருவுல பாதிப் பொம்பளைங்களுக்கு நாந்தான் ஜாக்கெட்டு தெக்கிறேன். அவுங்க பாக்கக் கைய நீட்டி வாங்கிட்டு, நாளிக்கி கூலி ஜாஸ்தி கேக்க முடியுமா? பாவம்னு சொல்லிப் பழைய பொடவையக் குடுத்துட்டுப் போவாங்க.”

உதவி பெறுவது இழிவன்று என்பதை மூன்று கோணங்களில் நிறுவினேன். அக்கா நூலைப் பல்லால் கடித்து அறுத்துவிட்டு உள்ளே போனார்.

அவருடைய பிடிவாதத்தைப் பற்றி நண்பனிடம் குறைபட்டுக்கொண்டேன். அவன் வேனிலிருந்த தார்ப்பாய்களை எண்ணினான். “இன்னிக்கி எவ்ளோ நேரம் பேசுவ?”

“எவ்ளோ நேரம் வேணும்?”

“நான் கைய காட்டுற வரைக்கும்.”

என் நாவன்மைக்கு இப்படியொரு மரியாதையை அதுவரை எவரும் செய்ததில்லை.

மாலையில் தெருவே திடலில் திரண்டது. தலைமை தாங்க வேண்டியவர், சாலையில் மரங்கள் விழுந்து கிடந்ததால் வரவில்லை. யாரும் அவரைத் தேடவுமில்லை. எருசலேமில் தொடங்கினேன். அறையைத் திறந்தேன். முடிக்கலாமென்று பார்த்தால், தெருமுனையில் நின்ற நண்பன் ‘ஓட்டு, ஓட்டு’ என்று கையைச் சுழற்றினான். அறையை மறுபடியும் திறந்தேன். ஒருவர்கூட எழுந்து போகவில்லை. என் சொற்பொழிவின் காந்தம் என்றே எண்ணிக்கொண்டேன். முன்வரிசைப் பெண்ணொருத்தி பக்கத்திலிருந்தவளிடம் சொன்னது காதில் விழும்வரை.

“ரெண்டு கட்டதான் ஏறியிருக்கு. இன்னும் கொஞ்சம் பேசட்டும்டீ.”

அப்போதுதான் பார்த்தேன். ஜெனரேட்டர் பெட்டியிலிருந்து தெருவின் அத்தனை செல்போன்களும் சார்ஜ் ஏறியபடி கொத்துக் கொத்தாகத் தொங்கிக்கொண்டிருந்தன. நான் நிறுத்தினால் ஜெனரேட்டரும் நின்றுவிடும்.

ஒருவழியாக நண்பன் கை காட்டினான். “இப்போது வழங்கும் நிகழ்ச்சி!” என்று முழங்கியபடி மேடைக்குப் பின்னால் திரும்பினேன். வேன் காலியாக இருந்தது. கீழே இறங்கி ஓடினேன்.

“எங்கடா எல்லாம்?”

“கூர போன வூடுங்க மேல.”

“யார் வாங்குனாங்க?”

“யாரும் வாங்கல. நானும் வேன் டிரைவருமா போட்டுட்டு வந்துட்டோம். மொதல்ல ஒங்க எதிர்வூடு. அந்த அக்காவே ஏணி புடிச்சாங்க. பாக்கறதுக்குத் தெருவுல ஒரு ஆளு இல்ல.”

“அப்ப நான் எதுக்கு?”

“அந்த ரூமு கத நல்ல கத மச்சான். ஆனா எல்லாரையும் வெளிய புடிச்சு வெக்க ஒருத்தன் வேணும்ல?”

அன்றிரவே மழை பிடித்துக்கொண்டது.

காலையில் அக்கா வந்தார். தார்ப்பாயைப் பற்றி அவரும் பேசவில்லை, நானும் பேசவில்லை. திடலில் சரிந்து கிடந்த ஃப்ளெக்ஸைக் காட்டினார். “அது சும்மாதான கெடக்கு? திண்ணையில தையல் மிஷினு மேல ஒழுவுது. கட்டிக்கிறேன்.” விழா முடிந்த ஃப்ளெக்ஸை எடுப்பதில் எங்கள் ஊரில் யாருக்கும் கூச்சமில்லை.

“அதுல என் படம் இருக்குக்கா.”

“தெரியும். அந்தப் பக்கத்த மேல போட்டுக்கிறேன். உள்பக்கம் இருந்தா நீ பேசிக்கிட்டே இருக்குறாப்புல இருக்கும். வேல ஓடாது.”

பொங்கலுக்கு முன்பே தையற்கூலியை ஏற்றிவிட்டார். என் அம்மா முணுமுணுத்துக்கொண்டே கொடுத்தார்.

எங்கள் மொட்டைமாடியிலிருந்து பார்த்தால், அக்கா வீட்டுக் கூரையில் நான் வாயைப் பிளந்தபடி காக்கைகளுக்குச் சொற்பொழிவாற்றிக்கொண்டிருப்பேன். சித்திரை வெயிலில் முதலில் என் பெயர் வெளுத்தது, பிறகு முகம். ஒலிபெருக்கி மட்டும் நெடுநாள் தெரிந்தது. ஒழுகவில்லை என்று கேள்வி.